குதிகால் திரும்பினால் கால் வர வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

கிளிப்லெஸ் பெடலைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்: கால் மாட்டிக்கொள்கிறது, வரமாட்டேன் என்கிறது. இந்தப் பெடலைப் பார்த்திராதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. ஷூவின் அடியில் கிளீட் என்ற சிறிய துண்டு திருகப்பட்டிருக்கும். பெடலில் ஸ்பிரிங் வைத்த தாடை இருக்கும். முன்பாதத்தால் அழுத்தினால் கிளீட் தாடைக்குள் மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். கழன்றுவிட வேண்டும். கழலாதபோதுதான் எனக்குக் கடிதம் வருகிறது.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 58. மகன் ஷிமானோ எஸ்பிடி பெடலும் அதற்கான ஷூவும் வாங்கித் தந்தான். மாட்டுவது எளிதாகத்தான் இருக்கிறது, கழற்றத்தான் முடியவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு முறை சாய்ந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதுவரை எலும்பு தாங்குமா என்று தெரியவில்லை. வேறு கம்பெனி பெடலுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம், இப்போதைக்கு. "பழகினால் சரியாகிவிடும்" என்பது பெடலைப் பார்க்காமலேயே சொல்லக்கூடிய பதில். அதனால்தான் எல்லாரும் அதைச் சொல்கிறார்கள்.

முதலில் ஷூவைக் காலில் போடாமல் கையில் எடுங்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) சுற்றாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஷூவைப் பெடலில் அழுத்தி மாட்டுங்கள். கையால் அழுத்துவது சற்றுக் கடினம். உடம்பின் எடையையும் சேர்த்துக் கொடுங்கள். மாட்டியதும் கண்ணைப் பெடல் மட்டத்துக்கு இறக்கி, ஷூவின் அடிப்பாகத்துக்கும் பெடலுக்கும் இடையே பாருங்கள். கிளீட்டின் இருபுறமும் ரப்பர் மேடுகள் இருக்கும். நடக்கும்போது கிளீட் தரையில் உரசாமல் காப்பவை அவை. புது ஷூவில் அவை உயரமாக இருக்கும். பெடலின் உடலோடு அந்த ரப்பர் நசுங்கி ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் எதிரி ஸ்பிரிங் அல்ல, ரப்பர்தான். குதிகாலைத் திருப்பும்போது ரப்பர் உலோகத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு தளர்த்தினாலும் அந்தப் பிடி போகாது.

எங்கே உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் சாக்பீஸ் போதும். ரப்பர் மேடுகளில் நன்றாகத் தேய்த்துவிட்டு, ஷூவை மாட்டி, நாலைந்து முறை திருப்பிக் கழற்றுங்கள். சாக்பீஸ் அழிந்து ரப்பர் கறுப்பாகப் பளபளக்கும் இடம்தான் குற்றவாளி. கூர்மையான கத்தியால் அந்த மேட்டை மட்டும், ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுங்கள். மாட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். எடுத்த எடுப்பில் முழுவதையும் வெட்டி எறிந்துவிடாதீர்கள். ரப்பர் பெடலை இலேசாகத் தொட்டு நிற்பது நல்லதுதான், பாதம் இடம் வலமாக ஆடாமல் தாங்கும். தொடலாம், அழுத்தக் கூடாது. ஷூவை வெட்ட மனம் வராதவர்கள் கிளீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சற்று உயர்த்தலாம். சில ஷூக்களோடு அது பெட்டியிலேயே வரும். ஆனால் தகடு வைத்த பிறகு திருகு போதுமான அளவு மரையில் இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிட்டால் நீளமான திருகு தேவை.

விலை உயர்ந்த புதுப் பெடல் பெட்டியோடு ஒருவர் என்னிடம் வந்தார். பழைய பெடலைக் கழற்றிவிட்டு இதை மாட்டித் தர வேண்டும் என்றார். ஷூவைக் கேட்டு வாங்கி இரண்டு ரப்பர் மேடுகளைச் சீவிக் கொடுத்தேன். புதுப் பெடல் பெட்டி பிரிக்கப்படாமலே திரும்பிப் போனது.

ரப்பர் சரியாக இருந்தால் அடுத்தது இறுக்கம். எஸ்பிடி பெடலின் பின்தாடையில் சின்னத் திருகு ஒன்று இருக்கும், பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் ஆலன் கீ (அறுகோணச் சாவி) அதற்குப் பொருந்தும். வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும், இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும். திருப்பும்போது ஒவ்வொரு படிக்கும் 'க்ளிக்' என்று விரலுக்குத் தெரியும். அருகில் ஒரு குறியீடு இருக்கும், கூட்டல் பக்கம் இறுக்கம், கழித்தல் பக்கம் தளர்வு. உங்களுக்கு ஆகத் தளர்வான நிலைதான். கடையில் இருந்து வரும்போது அது அந்த நிலையில் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

மூன்றாவது, ஷூவுக்குள் கால். பட்டையையோ கயிற்றையோ தொளதொளவென்று விட்டிருந்தால், நீங்கள் குதிகாலைத் திருப்பும்போது ஷூவுக்குள் பாதம் மட்டும் திரும்பும், ஷூ அசையாது. நீங்களோ முழு பலத்தோடு திருப்பிவிட்டதாக நினைப்பீர்கள். குதிகால் ஷூவோடு ஒட்டி நிற்கும்படி மேல்பட்டையை இறுக்குங்கள். விரல்களுக்கு மேலே உள்ள பட்டை தளர்வாக இருந்தால் பரவாயில்லை.

நான்காவது, கிளீட். ஷிமானோ பெடல்களில் பலவற்றோடு எஸ்எச்51 என்ற கறுப்புக் கிளீட் வரும். குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே அது கழலும். எஸ்எச்56 என்று வேறொன்று இருக்கிறது, தனியாகவும் கிடைக்கும். அதே பெடலில் பொருந்தும். பக்கவாட்டில் மட்டுமல்ல, குதிகாலைச் சாய்வாகத் தூக்கித் திருப்பினாலும் கழலும். பயத்தில் கால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். திருப்பாது, மேலே இழுக்கும். எஸ்எச்51 அந்த இழுப்புக்கு மசியாது. எஸ்எச்56 பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும். 58 வயதில் புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு முதல் நாளிலேயே இதைத்தான் மாட்டியிருக்க வேண்டும். பெடலோடு ஒப்பிட்டால் கிளீட் சொற்பச் செலவு.

இந்த நான்கையும் பார்த்த பிறகும் கழலவில்லை என்றால் எழுதுங்கள், பெடலை மாற்றுவதைப் பற்றி அப்போது பேசலாம்.

கேள்வி: எஸ்எச்56 போட்டால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது கால் தானாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: வரக்கூடும். இருக்கையை விட்டு எழுந்து, பெடலை முரட்டுத்தனமாக மேலே இழுத்து மிதிப்பவர்களுக்கு அது உண்மையான ஆபத்து, அந்த வேகத்தில் கால் கழன்றால் விழுவது பலமாக இருக்கும். உட்கார்ந்தே மிதிப்பவர்கள் பெரும்பாலும் அதைச் சந்திக்க மாட்டார்கள். நடுவில் இருப்பவர்கள் எஸ்எச்56-ஐ மாட்டிக்கொண்டு ஸ்பிரிங்கை இரண்டு மூன்று க்ளிக் இறுக்கிப் பார்க்கலாம். பக்கவாட்டில் அப்போதும் எளிதாகக் கழலும், தூக்கும்போது கொஞ்சம் முறைக்கும். இரண்டு காலுக்கும் ஒரே வகையைத்தான் போட வேண்டும் என்று சட்டமும் இல்லை. நிற்கும்போது எப்போதும் ஊன்றுகிற காலுக்கு எஸ்எச்56-ம் மற்றதற்கு எஸ்எச்51-ம் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்காது. விழுகிற நேரத்தில் எந்தப் பக்கம் விழப்போகிறோம் என்று யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

கேள்வி: அதே ஷூ, அதே கால். சில நேரம் பட்டென்று கழல்கிறது, சில நேரம் இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கிறது. பைத்தியம் பிடிக்கிறது.

பதில்: பெடலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எஸ்பிடி பெடலில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு முகம். ஒவ்வொரு முகத்துக்கும் தனித் தாடை, தனித் திருகு. ஒரு ஜோடிப் பெடலில் ஆக மொத்தம் 4 திருகுகள். உங்கள் பெடலில் யாரோ ஒரு முகத்தை மட்டும் தளர்த்தியிருக்கிறார்கள், அநேகமாக நீங்களே. எந்த முகம் மேலே வருகிறதோ அதற்கேற்பக் கழல்கிறது. நான்கையும் ஆகத் தளர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே எண்ணிக்கையில் க்ளிக் எண்ணி இறுக்குங்கள். குறியீட்டை மட்டும் நம்பாமல் எண்ணுங்கள், சேறு படிந்தால் குறியீடு தெரியாது.

கேள்வி: தளர்த்தும் திருகை முழுவதும் கழற்றி எடுத்துவிட்டால் இன்னும் எளிதாக இருக்குமா?

பதில்: கூடாது. குறியீட்டின் எல்லை வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் திருப்பினால் உள்ளே இருக்கும் தகட்டிலிருந்து திருகு விடுபட்டுவிடும். ஓடும்போது தாடை எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: நான் சாலைப் பந்தய வகைப் பெடல் வைத்திருக்கிறேன், ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல். மஞ்சள் கிளீட் கழற்றக் கடினமாக இருக்கிறது. சிவப்பு மாட்டினால் எளிதாகுமா? லுக் பெடல் வைத்திருக்கும் நண்பர் சிவப்புதான் நல்லது என்கிறார்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வது அவருடைய பெடலுக்குச் சரியாக இருக்கலாம். உங்கள் பெடலில் நேர் எதிராகப் போய் முடியும்.

கிளீட்டின் நிறம் கழலும் எளிமையைக் குறிப்பதில்லை. மாட்டிய பிறகு, கழலாமலே குதிகால் எவ்வளவு ஆடலாம் என்பதைக் குறிக்கிறது. ஷிமானோவின் மூன்று திருகு கிளீட்டில் சிவப்புக்கு ஆட்டம் 0, நீலத்துக்கு 2 டிகிரி, மஞ்சளுக்கு 6 டிகிரி. லுக் நிறுவனத்தின் கியோ வகையில் கறுப்புக்கு 0, சாம்பலுக்கு 4.5, சிவப்புக்கு 9 டிகிரி. ஒரு கம்பெனியில் சிவப்பு என்றால் அசையவே கூடாது. இன்னொரு கம்பெனியில் தாராளமாக ஆடலாம். இரண்டு கம்பெனியும் உட்கார்ந்து பேசி நிறத்தை முடிவு செய்திருந்தால் எனக்குப் பாதிக் கடிதம் மிச்சமாகியிருக்கும்.

ஆட்டம் அதிகம் இருந்தால் குதிகால் கூடுதல் தூரம் திரும்பிய பிறகுதான் கழலும் இடம் வரும். ஆட்டம் இல்லாத கிளீட் அந்த வகையில் சீக்கிரம் கழல்வதுபோல் தோன்றும். ஆனால் அதைப் பொருத்தும் கோணம் அரை டிகிரி தவறினாலும் முழங்கால் அதற்குத் தண்டம் கட்டும். எளிதாகக் கழல வேண்டும் என்பதற்காக யாரும் சிவப்புக்குப் போகாதீர்கள். மஞ்சளிலேயே இருங்கள், பெடலின் பின்பக்கத் திருகைத் தளர்த்துங்கள், தேய்ந்த கிளீட்டாக இருந்தால் மாற்றுங்கள். சாலை வகைக் கிளீட் பிளாஸ்டிக், நடந்தே தேயும். முனை மழுங்கிய கிளீட் தாடையில் அசைந்து அசைந்து உட்காரும். எந்த இடத்தில் கழலும் என்று காலுக்குத் தெளிவாகத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போகிறவர் என்றால் உங்களுக்கு அந்தப் பெடலே பொருத்தமில்லை. அது ஒரு முகம் மட்டும் உள்ள பெடல், ஒவ்வொரு முறையும் திருப்பிப் பிடித்து மாட்ட வேண்டும். கிளீட் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் கால் ஊன்றினால் வழுக்கும். எஸ்பிடி போன்ற இரண்டு திருகு கிளீட்டும் அது ஷூவின் குழிக்குள் உள்வாங்கி இருக்கிற அமைப்பும்தான் நின்று நின்று ஓட்டுபவர்களுக்கு உகந்தது.

கேள்வி: முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவர் சைக்கிள் ஓட்ட அனுமதித்துவிட்டார். ஆனால் குதிகாலை வெளியே திருப்பும் அந்த ஒரு அசைவில்தான் வலி. மிகக் குறைந்த திருப்பத்தில் கழலும் பெடல் எது?

பதில்: ஓட்டலாம் என்று அனுமதித்த மருத்துவரிடம், திருப்பும்போது வலிக்கிறது என்பதையும் சொன்னீர்களா? மிதிப்பது வேறு, முழங்காலை முறுக்குவது வேறு. முதலில் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள். அவர் சரி என்றால், தேர்வு இருக்கிறது.

கழலும் கோணத்தைக் கிளீட்டாலேயே மாற்றிக்கொள்ளக்கூடிய பெடல்கள் இரண்டு எனக்குப் பிடித்தவை. ஒன்று கிராங்க் பிரதர்ஸ். எக்பீட்டர், கேண்டி, மேலட் எல்லாம் அந்த வகை. வழக்கமான கிளீட்டில், இடதும் வலதும் எந்த ஷூவில் போகிறது என்பதைப் பொறுத்து 15 அல்லது 20 டிகிரியில் கழலும். எந்தப் பக்கம் போட்டால் எந்தக் கோணம் என்பது பெட்டியில் உள்ள தாளில் படமாகவே இருக்கும். எளிதாகக் கழல்வதற்கென்று 10 டிகிரி கிளீட்டும் தனியாக உண்டு. இந்தப் பெடலில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகே கிடையாது. சிலருக்கு அது குறை, எனக்கு அது நிம்மதி, தவறாகத் திருப்ப எதுவும் இல்லை. சேற்றிலும் அடைக்காது. ஆனால் கிளீட் பித்தளை, இரும்புக் கிளீட்டைவிடச் சீக்கிரம் தேயும்.

மற்றது டைம் நிறுவனத்தின் ஏடாக். இதிலும் இடது வலது மாற்றிப் போட்டால் 13 டிகிரி, 17 டிகிரி என்று இரண்டு கோணம். 10 டிகிரிக்கு 'ஈஸி' என்ற தனிக் கிளீட். கழலும் வரை காலைக் கொஞ்சம் ஆடவிடும் என்பதால் முழங்கால்காரர்கள் பலர் இதை விரும்புவார்கள்.

ஷிமானோவிலேயே இருக்க விரும்பினால் க்ளிக்கர் என்ற வகையைத் தேடுங்கள். மாட்டவும் கழற்றவும் குறைந்த பலம் போதும்படி, கழலும் கோணமும் சிறியதாக இருக்கும்படி, புதியவர்களுக்காகவே செய்தது. ஸ்பீட்பிளே என்ற இன்னொரு வகையில் ஸ்பிரிங் பெடலில் இல்லை, கிளீட்டுக்குள் இருக்கிறது. மென்மையான ஸ்பிரிங் வைத்த கிளீட் அதற்கும் உண்டு. ஆனால் அது மணலுக்கும் சேற்றுக்கும் ஆகாது, சுத்தமாக வைத்துக்கொள்ளும் பொறுமை வேண்டும்.

பெடலை மாற்றாமலே ஒரு சிறு வேலை செய்து பார்க்கலாம். கிளீட்டைத் தளர்த்தி அதன் மூக்குப் பகுதியைக் கட்டை விரல் பக்கமாக இம்மி நகர்த்திப் பொருத்துங்கள், ஒன்று இரண்டு டிகிரிக்கு மேல் வேண்டாம். உங்கள் பாதம் இயல்பாக இருக்கும் நிலையிலேயே, கிளீட் தாடைக்குள் கழலும் திசையில் ஏற்கெனவே கொஞ்சம் திரும்பியிருக்கும். மிச்சத் தூரம் குறையும். நகர்த்துவதற்கு முன் கிளீட்டைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சவாரியில் மிதிக்கும்போதே முழங்காலில் புதிதாக ஏதாவது தோன்றினால் கோட்டுக்குத் திரும்பிவிடுங்கள். கழலும் வசதிக்காக மிதிக்கும் சுகத்தை இழப்பது கெட்ட வியாபாரம். ஒரு தடவை கழற்ற ஆயிரம் தடவை மிதிக்கிறோம்.

கேள்வி: நன்றாகத்தான் கழன்றுகொண்டிருந்தது. நேற்றுத் திடீரென்று ஷூ முழு வட்டமாகவே திரும்புகிறது, ஆனால் கழலவில்லை! ஷூவிலிருந்து காலை உருவிக்கொண்டு ஒற்றைக் காலில் இறங்கினேன். ஷூ இன்னும் பெடலில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கிளீட்டின் இரண்டு திருகுகளில் ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது. ஒற்றைத் திருகை அச்சாகக் கொண்டு ஷூ சுழல்கிறது, கிளீட் இருந்த இடத்தில் இருக்கிறது. கிளீட் திரும்பாமல் தாடை திறக்காது. நீங்கள் காலை உருவியது மிகச் சரி. ஷூவோடு மல்லுக்கு நின்றிருந்தால் விழுந்திருப்பீர்கள்.

இப்போது ஷூவை மீட்க: தாடையின் இறுக்கத் திருகைக் குறியீட்டின் எல்லை வரை தளர்த்துங்கள். தட்டையான திருப்புளியைப் பின்தாடைக்கும் கிளீட்டுக்கும் நடுவே நுழைத்து, தாடையைப் பின்னுக்கு நெம்பிக்கொண்டே ஷூவின் பின்பக்கத்தைத் தூக்குங்கள். வந்துவிடும். தாடை விரலைக் கடிக்கும், கவனம்.

அப்புறம் இரண்டு திருகையுமே புதிதாகப் போடுங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, 4 மில்லிமீட்டர் ஆலன் கீயால், 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். முறுக்குவிசை அளக்கும் கருவி இல்லாதவர்கள் குட்டையான ஆலன் கீயைப் பிடித்து மணிக்கட்டு முழுவதும் உழைக்கும் அளவுக்கு இறுக்கலாம். கிரீஸ் தடவினால் கழன்றுவிடாதா என்று கேட்பீர்கள். கிரீஸ் இல்லாத மரையில் திருகு பாதி வழியிலேயே இறுகியதுபோல் ஏமாற்றும். கிளீட்டை அழுத்திப் பிடித்திருக்காது. மழை நீரில் துருப்பிடித்தால் பிறகு எடுக்கவும் முடியாது.

முதல் சவாரி முடிந்து வந்ததும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள். கிளீட்டின் பற்கள் ஷூவின் அடியில் பதிந்து உட்கார்ந்ததும் திருகு சற்றே தளர்ந்திருக்கும். அதன் பிறகு அவ்வப்போது பார்த்தால் போதும். கழலுவதில் சின்ன மாற்றம், கிளீட் பக்கத்தில் 'கிறீச்' என்று புதுச் சத்தம், எது வந்தாலும் முதலில் ஆலன் கீயை எடுங்கள். திருகுத் தலையின் குழியில் மண் இறுகினால் கீ உட்காராது, அதனால் சிலர் அந்தக் குழியில் மெழுகை உருக்கி அடைத்துவைப்பார்கள். வேண்டும்போது ஊசியால் நோண்டி எடுத்துவிடலாம். நல்ல பழக்கம்.

கேள்வி: சரியாகக் கழற்றும் முறைதான் என்ன? யூடியூபில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: பெடல் கீழே இருக்கும்போது, முன்பாதத்தைப் பெடலிலேயே ஊன்றி, அதை அச்சாக்கிக் குதிகாலை மட்டும் வெளியே தள்ளுங்கள். கணுக்காலைப் பக்கவாட்டில் சாய்ப்பது, முழங்காலை வெளியே விரிப்பது இரண்டும் வீண் வேலை. அவற்றால் கிளீட் திரும்பாது. உள்பக்கமாகத் திருப்பினாலும் கழலும், ஆனால் குதிகால் சைக்கிள் சட்டத்தில் இடிக்கும்.

நிற்பதற்கு வெகு முன்பே கழற்றுங்கள். வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போது, கியரைக் குறைத்துவிட்டு, ஊன்றப்போகிற காலைக் கழற்றி, பெடலின் மேலேயே சும்மா வைத்துக்கொண்டு போங்கள். வண்டி நின்ற பிறகு கழற்ற முயல்கிறவர்கள்தான் விழுகிறார்கள். இடது காலைக் கழற்றிவிட்டு வலது பக்கம் சாய்ந்து விழுவது இந்தப் பெடலுக்கே உரிய கௌரவம். கழற்றிய பக்கமாகக் கைப்பிடியை இலேசாகத் திருப்பி, உடம்பையும் அந்தப் பக்கம் கொடுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் பார்க்காமலே மாட்டிக் கழற்றும் வரை சாலைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: குழுவாக ஓட்டுகிறோம். ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நிஜமான சைக்கிள்காரன் முழுவதும் இறுக்கித்தான் வைப்பான் என்கிறார்கள்.

பதில்: 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி எம்71 என்று ஒரு பெடல் கொண்டுவந்தது. கால் பூட்டிக்கொள்ளும், கழற்ற வேண்டுமானால் குனிந்து கையால் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். அதற்கு மரணப் பெடல் என்றே பட்டப்பெயர் வந்தது. இறுக்கம்தான் வீரம் என்றால் உங்கள் நண்பர்கள் அதைத் தேடி வாங்கிக்கொள்ளட்டும்.

இன்று நாம் பயன்படுத்தும் பெடல் வந்த வழி வேறு. பிரான்சின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பூட்டு செய்துகொண்டிருந்தது. சறுக்குபவர் விழுந்து கால் முறுக்கினால் கட்டை தானாகக் கழன்றுகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கால் முறியும். அந்த அறிவைத்தான் 1984-ல் அவர்கள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்றார். ஷிமானோவின் எஸ்பிடி 1990-ல் வந்தது. ஆக, இந்த யந்திரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு எப்படிக் கழற்றுவது என்பதுதான் முக்கியக் கேள்வியாக இருந்தது. மிதிக்கும்போது தானாகக் கழலாத அளவுக்கு இறுக்கம் இருந்தால் போதும். அதற்கு மேல் ஒரு க்ளிக்கும் உங்களை வேகமாகக் கொண்டுபோகாது.

கேள்வி: பெடலுக்கு எண்ணெய் விடலாமா?

பதில்: தாடையின் ஸ்பிரிங்குக்கும் கிளீட் உரசும் விளிம்புக்கும் உலர்ந்துவிடும் வகை எண்ணெய் ஒரு சொட்டு. கெட்டியான கிரீஸ் வேண்டாம், மண்ணை ஒட்டவைக்கும். எண்ணெய்க்கு முன்னால் பழைய பல் துலக்கும் தூரிகையால் தாடைக்குள் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் விடாமல் சுத்தம் செய்தாலே பல பெடல்கள் திருந்திவிடும்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? சாதாரணப் பெடலே போதாதா?

பதில்: போதும். தாராளமாக. ஆணி முளைத்ததுபோல் குச்சிகள் வைத்த தட்டைப் பெடலும் நல்ல ரப்பர் அடி கொண்ட ஷூவும் இருந்தால் கால் நழுவாது. நீண்ட தூரம் போகும்போது மட்டும் பூட்டிக்கொள்ள விரும்பினால், ஒரு முகம் தட்டையாகவும் மறு முகம் எஸ்பிடி தாடையாகவும் இருக்கும் பெடல் கிடைக்கிறது. நெரிசலில் தட்டை முகத்தில் மிதித்துவிட்டு, வெளியே வந்ததும் திருப்பிக்கொள்ளலாம்.

பெடலை மாற்றப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ். வலப்பக்கப் பெடல் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடப்பக்கத்தது வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீளமான குழாயைச் சொருகி நெம்பி, கிராங்கின் மரையையே தின்றுவிட்டு வருபவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. புதுப் பெடலைப் போடும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே சுற்றுங்கள். விரலுக்கு இறங்காத மரையில் ஸ்பானரை வைக்காதீர்கள்.